அமெரிக்கக் கவுண்டிகள் பிறந்ததும் பெயர் பெற்றதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு வாங்கிய தமிழர் யாருக்கும் கவுண்டி என்ற சொல் புதிதல்ல. சொத்து வரிச் சீட்டின் தலையில் அந்தப் பெயர்தான் இருக்கும். திருமண உரிமம், பத்திரப் பதிவு, உயில் எல்லாம் அங்கேதான் நடக்கும். ஆனால் அந்தப் பெயர் யாருடையது, அந்த எல்லை ஏன் ஓர் ஓடையோடு வளைந்து போய்த் திடீரென்று நேர்கோடாகிறது என்று கேட்டால் பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை. பல ஆண்டுகளாக இந்தப் பழைய சட்டங்களையும் பத்திரங்களையும் விரும்பிப் படித்துவருகிறேன். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 1634இல் தொடங்கி ஏறத்தாழ 1840கள் வரையிலான காலம் இது. படிக்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: புதிய கவுண்டி வேண்டும் என்று கேட்டவர்கள் வேறு, அதற்குப் பெயர் வைத்தவர்கள் வேறு. பல குழப்பங்கள் அதிலேயே தெளிந்துவிடும்.

கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம்தானே?

அளவில் பல இடங்களில் நம் வட்டத்துக்கோ சிறிய மாவட்டத்துக்கோ ஒப்பாகும். பிறந்த விதம்தான் வேறு. மாவட்டம் என்றதும் நமக்கு ஆட்சியர் நினைவுக்கு வருவார். கவுண்டியின் நடுவில் இருந்தது நீதிமன்றம். வர்ஜீனியா போன்ற தென் குடியேற்றங்களில் ஆளுநர் நியமித்த உள்ளூர் நிலக்கிழார்கள் சிலர் மாதத்துக்கு ஒரு முறை கூடுவார்கள். கடன் வழக்கைத் தீர்ப்பதும் அவர்கள்தான். சாலையை யார் செப்பனிட வேண்டும், படகுத்துறைக்கு என்ன கூலி, அனாதைப் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். அவர்களோடு ஷெரிஃப், எழுத்தர், பிணவிசாரணை அதிகாரி, நில அளவர் ஆகியோர் இருந்தார்கள். உள்ளூர்ப் படையும் கவுண்டிவாரியாகவே திரட்டப்பட்டது.

வடகிழக்குக் குடியேற்றங்களான நியூ இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே ஊர்க்கூட்டம்தான் பெரிது. கவுண்டி வெறும் நீதிமன்ற எல்லையாகவே இருந்தது. கனெக்டிகட் 1960இல் தன் கவுண்டி நிர்வாகங்களையே கலைத்துவிட்டது. பெயர்கள் மட்டும் வரைபடத்தில் நிற்கின்றன.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பழைய பிரெஞ்சு மொழியில் கோமகன் ஒருவரின் ஆட்சிப் பகுதியைக் குறித்த சொல் அது. நார்மானியர் இங்கிலாந்துக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஷயர் என்ற பிரிவு இருந்தது. இரண்டு சொற்களும் அருகருகே வழங்கின. ஷயரின் காரியக்காரர் என்பதே ஷெரிஃப் ஆனது. அமெரிக்காவுக்குக் கோமகன் வரவில்லை. ஷெரிஃப் வந்துவிட்டார், இன்றும் இருக்கிறார்.

முதல் கவுண்டிகள் எவை?

1634இல் வர்ஜீனியா எட்டு ஷயர்களாகப் பிரிக்கப்பட்டது. அன்று அந்தக் குடியேற்றம் முழுவதிலும் இருந்த ஆங்கிலேயர்கள் சுமார் 5,000 பேர்தான். ஜேம்ஸ் சிட்டி, சார்லஸ் சிட்டி, எலிசபெத் சிட்டி, ஹென்ரைக்கோ, சார்லஸ் ரிவர், வாரிக் ரிவர், அக்கோமாக், வாரோஸ்குயோக் என்பவை அந்த எட்டு.

முதல் நான்கையும் சேர்த்துப் படித்தால் ஒரு குடும்பமே எழுந்து வரும். முதலாம் ஜேம்ஸ் மன்னர், அவருடைய மகன்கள் ஹென்றி, சார்லஸ், மகள் எலிசபெத். ஜேம்ஸும் ஹென்றியும் அதற்குள் இறந்துவிட்டார்கள். சார்லஸ் அரியணையில் இருந்தார். கடைசி இரண்டும் அந்த மண்ணின் மக்களுடைய சொற்கள். செசபீக் விரிகுடாவுக்கு அப்பால் இருந்த நிலத்துக்கு அக்கோமாக் என்று பெயர். நம் சொல்லில் அக்கரை என்றே அதற்குப் பொருள் சொல்லலாம். இந்த இரண்டும் பத்தாண்டு கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வாரோஸ்குயோக் 1637இல் ஐல் ஆஃப் வைட் ஆனது. அக்கோமாக் 1643இல் நார்தாம்ப்டன் ஆனது. பின்னர் 1663இல் நார்தாம்ப்டனைப் பிரித்தபோது வடபாதிக்குப் பழைய பெயர் திரும்பி வந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

மசாசுசெட்ஸ் 1643இல் நான்கு கவுண்டிகளை வகுத்தது. கனெக்டிகட் 1666இல், பென்சில்வேனியா 1682இல், நியூயார்க்கும் கிழக்கு ஜெர்சியும் 1683இல் அதே வழிக்கு வந்தன.

ஏன் ஓயாமல் பிரித்துக்கொண்டே போனார்கள்?

தூரம். வேறு எந்தக் காரணத்தை எடுத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

நீதிமன்ற நாள் ஒருவருக்கு என்ன செலவு வைத்தது என்று பாருங்கள். நாற்பது மைல் மேற்கே காட்டைத் திருத்தி நிலம் உழுகிறார் ஒருவர். அண்டை வீட்டாரின் எல்லைத் தகராறில் சாட்சி சொல்ல அழைப்பு வருகிறது. குதிரை இருந்தால் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். நடுவில் ஆற்றில் வெள்ளம் என்றால் கரையிலேயே காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் நீதிபதிகளின் எண்ணிக்கை போதவில்லை, அடுத்த மாதம் வா என்பார்கள். சோளம் அறுவடைக்கு நிற்கிறது. வீட்டில் மனைவியும் சிறு பிள்ளைகளும் தனியாக இருக்கிறார்கள். இறந்துபோன தந்தையின் உயிலைப் பதிவு செய்ய, வாங்கிய நிலத்துக்குப் பத்திரம் எழுத, ஓடிப்போன கடனாளியின் மீது வழக்குப் போட, எல்லாவற்றுக்கும் இதே பயணம். இந்தப் பாட்டைத்தான் அக்காலப் பிரிவினை மனுக்கள் அலுக்காமல் எழுதின: தூரம் அதிகம், ஓடைகள் ஆபத்தானவை, ஏழைகளால் செலவு தாங்க முடியவில்லை.

தென் கரோலைனாவில் நிலைமை இன்னும் கொடுமையானது. 1769ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மாகாண நீதிமன்றம் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் மட்டுமே இருந்தது. உள்நாட்டுக் குடியானவர் 200 மைல் வரை பயணம் செய்து அங்கே போக வேண்டும். குதிரைத் திருடர்களைப் பிடித்தாலும் அவ்வளவு தொலைவு இழுத்துச்செல்ல முடியாமல் மக்களே கூட்டம் சேர்த்துத் தண்டிக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் ஏழு நீதிமன்ற வட்டாரங்கள் வந்தன.

வர்ஜீனியாவின் ஆரஞ்சு கவுண்டி 1734இல் உருவானபோது அதன் மேற்கு எல்லை என்று ஒன்றே இல்லை; அந்தக் குடியேற்றம் உரிமை கொண்டாடிய கடைசி நிலம் வரை அது நீண்டது. 1738இல் அதிலிருந்து அகஸ்டா பிறந்தது, அதிலிருந்து 1770இல் பாட்டடாட். அந்தச் சட்டத்தில் என் மனத்தைத் தொட்ட ஒரு விதி இருக்கிறது. மிசிசிப்பியில் போய்ச் சேரும் ஆறுகளின் கரையில் வாழ்பவர்கள் நீதிமன்றத்துக்கு மிகத் தொலைவில் இருக்கிறார்கள், விரைவில் தனிக் கவுண்டியாகத்தான் போக வேண்டியிருக்கும், ஆகவே பாட்டடாட் தன் நீதிமன்றமும் சிறையும் கட்டுவதற்கு விதிக்கும் வரியை அவர்களிடம் வாங்க வேண்டாம் என்றது அது. கவுண்டி பிறக்கும்போதே அடுத்த பிரிவினையும் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.

குதிரையில் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம் என்று சட்டமே இருந்ததாமே?

நாடு முழுவதற்குமான அப்படியொரு சட்டம் இருந்ததில்லை. அது மக்கள் மனத்தில் இருந்த நியாயமான அளவு. பிற்காலத்தில் சில மாநிலங்கள் மட்டும் எண்ணிக்கையோடு விதி எழுதின, அதுவும் வேறு நோக்கத்தோடு. டென்னசியின் 1796ஆம் ஆண்டு அரசியலமைப்பு 625 சதுர மைலுக்குக் குறைந்த புதுக் கவுண்டி கூடாது, பழையதையும் அதற்குக் கீழே குறைக்கக் கூடாது என்றது. 1834இல் அதை 350 சதுர மைலாகத் தளர்த்தி, புதிய எல்லைக்கோடு பழைய கவுண்டியின் நீதிமன்றக் கட்டடத்துக்கு 12 மைலுக்குள் வரக் கூடாது என்று சேர்த்தார்கள். பிரிவினைக்கு வேலி போடுவதற்காக வந்த விதிகள் இவை.

கென்டக்கியில் அப்படிப்பட்ட வேலி எதுவும் பலிக்கவில்லை. 1792இல் மாநிலமானபோது 9 கவுண்டிகள். இன்று 120.

மனு கொடுத்த பிறகு என்ன நடக்கும்?

மனு பேரவைக்குப் போகும். பெரும்பாலும் அதன் பின்னாலேயே எதிர்மனுவும் போகும். பிரிந்தால் மிச்சமிருப்பவர்கள் மீது வரிச்சுமை கூடும் என்பது ஒரு வாதம். இன்னும் வலுவான காரணம் பலர் வெளியே சொல்லாதது: நீதிமன்றத்துக்கு எதிரே சத்திரம் நடத்துபவருக்கு மாதாமாதம் வரும் கூட்டம் பாதியாகிவிடும்.

சட்டம் நிறைவேறினால், இன்ன மாதம் முதல் தேதியிலிருந்து இன்ன ஓடையின் முகத்துவாரத்தில் தொடங்கி நேராக இன்ன மலை முகடு வரை ஒரு கோடு, அதற்கு மேற்கே உள்ளது புதிய கவுண்டி என்று எழுதுவார்கள். காகிதத்தில் ஒரு வரிதான். காட்டில் அதை இழுப்பவர் நில அளவர். 66 அடி நீளம், 100 கண்ணிகள் கொண்ட இரும்புச் சங்கிலியை இருவர் முன்னும் பின்னும் பிடிப்பார்கள். ஒருவர் கோடாரியால் மரங்களைக் கொத்தி அடையாளம் வைப்பார். திசைகாட்டி ஊசி கொஞ்சம் பிசகினாலும், சங்கிலி ஒரு புதரில் வளைந்தாலும், பத்து மைல் தாண்டியதும் ஒருவர் வீடு அடுத்த கவுண்டிக்குள் போய்விடும். ஓடை வளைவோடு போகும் எல்லை சட்டென்று நேர்கோடாவதன் காரணம் இதுதான். ஓடை இருந்தவரை ஓடையைப் பிடித்துக்கொண்டார்கள், அது முடிந்த இடத்தில் சங்கிலியைப் பிடித்தார்கள்.

முதல் நீதிமன்றம் பெரும்பாலும் யாராவது ஒருவருடைய வீட்டில் கூடும். பிறகு கட்டட வரி, சிறை. அத்துடன் கட்டடம் எங்கே எழும்புவது என்ற சண்டை. அது சில ஊர்களில் பிரிவினைச் சண்டையைவிட நெடுநாள் நீடித்தது.

ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே முறை வேறு. 1787ஆம் ஆண்டு வடமேற்குப் பிரதேசச் சட்டத்துக்குப் பிறகு அங்கே தொடக்கத்தில் பேரவை இல்லை. ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேர் அறிக்கை வெளியிட்டுக் கவுண்டிகளை உருவாக்கினார். 1788 ஜூலையில் மேரியெட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட வாஷிங்டன் கவுண்டி முதலாவது. 1790இல் செயின்ட் கிளேர் கவுண்டி. ஆம், அவருடைய பெயரேதான். பின்னர் பேரவை வந்து புதிய கவுண்டிகளுக்குச் சட்டம் இயற்றியபோது, அது தன் அதிகாரம் என்று அவர் மறுத்தார். அந்தப் பகை வளர்ந்து வளர்ந்து 1802இல் அவர் பதவி இழக்கும் வரை போனது.

இதில் அரசியல் கிடையாதா?

நிறைய உண்டு. வர்ஜீனியாவில் கவுண்டிக்கு இரண்டு உறுப்பினர்கள். மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் இரண்டுதான். எனவே மேற்கே ஒரு கவுண்டியைப் பிரித்தால் மேற்குக்கு இரண்டு வாக்குகள் கூடும்.

வட கரோலைனாவில் இது வெடித்தேவிட்டது. வடகிழக்கே ஆல்பமார்ல் பகுதியின் பழைய கவுண்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து உறுப்பினர்கள், தெற்கே புதிதாக வந்தவற்றுக்கு இரண்டு. 1746இல் ஆளுநர் கேப்ரியல் ஜான்ஸ்டன், வடபகுதியினர் வந்துசேரக் கடினமான குளிர்காலத் தொடக்கத்தில் வில்மிங்டனில் பேரவையைக் கூட்டினார். எல்லோருக்கும் இரண்டு என்று சட்டம் நிறைவேறியது. வடபகுதியினர் அதை ஏற்காமல் எட்டு ஆண்டுகள் பேரவைக்கே வரவில்லை. கடைசியில் லண்டன் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

1767இல் பிரிட்டிஷ் அரசு ஆளுநர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது: பேரவையின் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டும் எந்தச் சட்டத்துக்கும் ஒப்புதல் தரக் கூடாது. அதாவது நீதிமன்றம் வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள், பிரதிநிதி கிடையாது. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் மன்னர் மீதான குற்றப்பட்டியலை எடுத்துப் படியுங்கள். பெரும் மக்கள் வாழும் பகுதிகளின் வசதிக்கான சட்டங்களை, அந்த மக்கள் பிரதிநிதித்துவ உரிமையை விட்டுக்கொடுத்தாலன்றி நிறைவேற்ற மறுத்தார் என்று ஒரு வரி இருக்கும். பலர் கடந்துபோய்விடும் வரி. அது புதிய கவுண்டிகளையும் நகரங்களையும் பற்றிய வரி. தேயிலை வரியை நினைவில் வைத்திருக்கிறோம்; காட்டோரக் குடியானவரின் மனுவும் அந்தப் பிரகடனத்தில் இடம்பெற்றிருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெயரை யார் வைத்தார்கள்?

பேரவையும் ஆளுநரும். மனு கொடுத்தவர்கள் என்ன கேட்டிருந்தாலும், பெயர் பெரும்பாலும் லண்டனை நோக்கியே இருந்தது.

நியூயார்க் 1683 நவம்பர் 1ஆம் தேதி பன்னிரண்டு கவுண்டிகளை அமைத்தது. இரண்டாம் சார்லஸ் மன்னருக்குக் கிங்ஸ். அரசி கேத்தரினுக்குக் குயின்ஸ். மன்னரின் தம்பியும் அந்தக் குடியேற்றத்தின் உரிமையாளருமான யார்க் கோமகனுக்கு டியூக்ஸ். அவர் மனைவிக்கு டச்சஸ். அவருடைய ஸ்காட்லாந்துப் பட்டத்தால் ஆல்பனி, அயர்லாந்துப் பட்டத்தால் அல்ஸ்டர். மருமகன் வில்லியத்தால் ஆரஞ்சு. மன்னரின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனான ரிச்மண்ட் கோமகனால் ரிச்மண்ட். டச்சஸ் கவுண்டியின் ஆங்கில எழுத்துக்கூட்டில் அந்தக் காலத்து 'டி' ஒன்று இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த அகராதிக்கும் அது அசையவில்லை.

வர்ஜீனியாவில் ஜெர்மானிய வழி மன்னர்கள் காலத்தில் ஹனோவர், பிரன்ஸ்விக், கரோலின், அமீலியா, லூயிசா, ஃபிரெடரிக், அகஸ்டா என்று மன்னர், மனைவி, மகன், மருமகள், மகள்கள் எல்லோரும் வரிசையாக வந்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது ஸ்பாட்சில்வேனியா. ஆளுநர் அலெக்சாண்டர் ஸ்பாட்ஸ்வுட்டின் பெயரில் உள்ள 'வுட்' என்பதைக் காடு என்று பொருள்கொண்டு, காட்டுக்கான லத்தீன் சொல்லை அங்கே வைத்தார்கள். சொல்லோடு விளையாடி ஓர் ஊருக்குப் பெயர் வைத்த அந்த மனிதர்களை நேரில் பார்த்தது போல இருக்கும்.

புரட்சிக்குப் பிறகு அரச குடும்பப் பெயர்களை ஏன் அழிக்கவில்லை?

என்னைப் பல நாள் யோசிக்க வைத்த கேள்வி. கிங்ஸ், குயின்ஸ், பிரின்ஸ் ஜார்ஜ், கிங் வில்லியம் எல்லாம் இன்றும் இருக்கின்றன. நியூயார்க்கின் சார்லட் கவுண்டி 1784இல் வாஷிங்டன் ஆனது, ரோட் ஐலண்டின் கிங்ஸ் கவுண்டி 1781இல் வாஷிங்டன் ஆனது. ஆனால் மன்னர் பெயர்களில் அப்படி மாறியவை குறைவு. கோபம் வேறிடத்தில் இருந்தது.

வில்லியம் டிரையன் வட கரோலைனாவில் ஆளுநராக இருந்தவர். அநியாயக் கட்டணம் வாங்கிய கவுண்டி அதிகாரிகளை எதிர்த்துக் கிளர்ந்த குடியானவர்களை 1771 மே 16இல் அலமான்ஸில் படைகொண்டு அடக்கியவர். பின்னர் நியூயார்க்கின் ஆளுநர் ஆனார். இரண்டு இடத்திலும் அவர் பெயரில் கவுண்டி இருந்தது. நியூயார்க்கின் டிரையன், கியூபெக் தாக்குதலில் மாண்ட தளபதி ரிச்சர்ட் மாண்ட்கோமரியின் பெயருக்கு 1784இல் மாறியது. வட கரோலைனாவின் டிரையன் 1779இல் இரண்டாக உடைக்கப்பட்டு லிங்கன், ரதர்ஃபோர்டு ஆனது. வர்ஜீனியாவின் கடைசி அரச ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் மன்னர் பக்கம் வந்தால் விடுதலை என்று 1775இல் அறிவித்தவர். தோட்ட முதலாளிகள் அதை மன்னிக்கவில்லை. டன்மோர் கவுண்டி 1778இல் ஷெனாண்டோவா ஆனது. இறந்துபோன அரசி யாரையும் துன்புறுத்தவில்லை. பார்த்துப் பழகிய ஆளுநரின் பெயரைத்தான் பத்திரத்தில் தினமும் எழுத மனம் வரவில்லை.

ஆனால் டிரையனின் மனைவி தப்பிவிட்டார். 1771இல் கிளர்ச்சி நடந்த பகுதியை நான்காகப் பங்கிட்டதுபோல் புதிய கவுண்டிகள் அமைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுக்கு மார்கரெட் வேக் என்ற அவருடைய திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் சூட்டப்பட்டது. அதுதான் ராலி நகரம் இருக்கும் வேக் கவுண்டி. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் கேரியும் மோரிஸ்வில்லும் அதில்தான் இருக்கின்றன.

ஜார்ஜியாவின் 1777 அரசியலமைப்பு இன்னொரு வியப்பு. போர் நடந்துகொண்டிருக்கும்போதே எட்டுக் கவுண்டிகளில் ஏழுக்கு ஆங்கிலேயரின் பெயர்களை வைத்தார்கள்: வில்க்ஸ், பர்க், சாத்தம், கேம்டன், கிளின், ரிச்மண்ட், எஃபிங்ஹாம். எல்லோரும் பிரிட்டனில் இருந்துகொண்டு குடியேற்றங்களுக்காகப் பேசியவர்கள். எஃபிங்ஹாம் பிரபு, குடியேற்றவாசிகளை எதிர்த்துப் போரிட மாட்டேன் என்று படைப்பதவியையே துறந்தவர். எட்டாவது கவுண்டிக்கு லிபர்டி, சுதந்திரம், என்று பெயர். இந்த ரிச்மண்ட், நியூயார்க் ரிச்மண்டின் பேரன்.

வாஷிங்டன் என்று ஏன் இத்தனை?

முப்பது கவுண்டிகளும் லூசியானாவில் ஒரு பாரிஷும் (கவுண்டிக்கு அங்கே வழங்கும் பெயர்) அவர் பெயரில் இருக்கின்றன. பெரும்பாலானவை அவர் குடியரசுத் தலைவரான பின் வந்தவை. ஆனால் மேரிலாந்தின் வாஷிங்டன் கவுண்டி 1776 செப்டம்பர் 6இல் வந்தது. ஆகஸ்ட் 27இல்தான் லாங் ஐலண்ட் போரில் அவர் படுதோல்வி அடைந்தார்; இரண்டு நாள் கழித்து இரவோடிரவாகப் படையைப் படகேற்றித் தப்பினார். மேரிலாந்துப் படைவீரர்கள் அந்தப் போரில் அவருடைய பின்வாங்கலுக்காக உயிர் கொடுத்தார்கள். பத்து நாளில் அந்த மாநிலம் அவர் பெயரைத் தன் மண்ணுக்கு வைத்தது. வெற்றிக்குப் பின் வைத்த பெயர்களைவிட இந்த ஒன்றைப் பெரிதாக மதிக்கிறேன்.

புரட்சிக் காலத் தலைவர் பேட்ரிக் ஹென்றிக்கு வர்ஜீனியா தந்தது இரண்டு கவுண்டிகள். முதலில் ஹென்றி, 1790ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் மேற்குப் பகுதி பிரிந்தபோது பேட்ரிக். முழுப் பெயரும் அருகருகே கிடக்கிறது.

லிங்கன் கவுண்டி என்றால் ஆப்ரகாம் லிங்கன்தானே?

மிசிசிப்பிக்குக் கிழக்கே பழைய மாநிலங்களில் பெரும்பாலும் இல்லை. வட கரோலைனா, கென்டக்கி லிங்கன்கள் புரட்சிப் போர்த் தளபதி பெஞ்சமின் லிங்கனின் பெயர் கொண்டவை. மேய்ன் மாநிலத்து லிங்கன் 1760இல், இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தை நினைத்து வைத்தது. உருவான ஆண்டைப் பாருங்கள். ஆப்ரகாம் பிறந்தது 1809இல்.

பெயர் வைத்த பிறகு மனம் மாறிய கதைகள் உண்டா?

உண்டு. வட கரோலைனா 1791இல் தன் மாநிலச் செயலர் ஜேம்ஸ் கிளாஸ்கோவின் பெயரை ஒரு கவுண்டிக்கு வைத்தது. போர்வீரர்களுக்கு உரிய நிலச் சீட்டுகளில் அவர் மோசடிக்குத் துணைபோனது வெளிவந்ததும், 1799இல் அது கிரீன் ஆனது. வெர்மாண்டின் ஜெஃபர்சன் கவுண்டி 1814இல் வாஷிங்டன் ஆனது; அப்போது அங்கே ஜெஃபர்சனின் எதிர்க்கட்சி ஆட்சி. ஜார்ஜியா 1807இல் வர்ஜீனியா அரசியல்வாதி ஜான் ராண்டால்ஃபின் பெயரை வைத்துவிட்டு, பிரிட்டனோடு நடந்த 1812 போரை அவர் எதிர்த்ததால் அதை ஜாஸ்பர் என்று மாற்றியது. 1828இல் கோபம் ஆறி, வேறொரு புதுக் கவுண்டிக்கு ராண்டால்ஃப் என்று மீண்டும் பெயர் வைத்தது.

பூர்வகுடிகளின் பெயர்கள் கொண்டவை அவர்கள் வைத்தவையா?

மிகச் சில. ஒனைடா, கயூகா, ஒனொண்டாகா ஆகிய நியூயார்க் கவுண்டிகள் 1790களில் வந்தன. அதே ஆண்டுகளில்தான் அந்த மக்களின் நிலம் ஒப்பந்தம் ஒப்பந்தமாகக் கைமாறியது. நிலத்தை எடுத்துக்கொண்டு பெயரை வைத்துக்கொண்டார்கள் என்பதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

மிச்சிகனில் நடந்தது வேறு மாதிரி. அரசின் பூர்வகுடி விவகார அதிகாரி ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட், அங்கே வாழ்ந்த ஓஜிப்வே மக்களின் மொழி அறிந்தவர். ஆனாலும் அந்த மொழியின் துண்டுகளை லத்தீன், அரபு ஒலிகளோடு ஒட்டி அல்கோனா, அயோஸ்கோ, அல்பீனா போன்ற பெயர்களைச் செய்தார். கேட்டால் பூர்வகுடிப் பெயர் போல ஒலிக்கும், எந்தக் குடியும் அப்படிப் பேசியதில்லை. மறுபுறம், உண்மையான ஓஜிப்வே சொற்கள் 1843இல் ஒரே சட்டத்தால் போயின. கழுகு என்று பொருள்படும் மீகிசி, ஆன்ட்ரிம் ஆனது. ஆமை என்று பொருள்படும் மிக்கனாக், ராஸ்காமன் ஆனது. இரண்டும் அயர்லாந்துப் பெயர்கள்.

லூசியானாவில் மட்டும் ஏன் பாரிஷ்?

பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சியில் மக்கள் கத்தோலிக்கப் பங்குகளாகப் பழகியிருந்தார்கள். அமெரிக்கா 1805இல் பன்னிரண்டு கவுண்டிகளை அமைத்துப் பார்த்தது. எடுபடவில்லை. 1807இல் பத்தொன்பது பாரிஷ்கள் வந்தன. இன்று 64.

ஒரே கவுண்டிக்கு இரண்டு நூல்கள் இரண்டு ஆண்டு சொல்கின்றனவே?

சட்டம் நிறைவேறிய ஆண்டு ஒன்று, நடைமுறைக்கு வந்த ஆண்டு ஒன்று. வட கரோலைனாவின் மெக்லன்பர்க் 1762ஆம் ஆண்டுச் சட்டம். கவுண்டி தொடங்கியது 1763இல். இதுபோக 1752 வரை ஆங்கில ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஆகவே பழைய ஜனவரி, பிப்ரவரித் தேதிகளைப் புதிய கணக்கில் ஓர் ஆண்டு கூட்டியும் எழுதுவார்கள்.

பழைய பத்திரம் ஒன்றைத் தேடுகிறேன். எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

இன்றைய வரைபடத்தை மூடிவைத்துவிட்டு, பத்திரத்தின் ஆண்டில் அந்த நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று முதலில் பாருங்கள். பிரிந்தபோது பழைய பதிவேடுகள் பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிட்டன.

வட கரோலைனாவில் கட்டாபா ஆற்றுக்கு மேற்கே, இன்றைய காஸ்டன் கவுண்டியில் ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். 1734 முதல் அது பிளேடன். 1750இல் ஆன்சன். 1763இல் மெக்லன்பர்க். 1769இல் டிரையன். 1779இல் லிங்கன். 1846இல் காஸ்டன். வணிகத் துறை அதிகாரி, கடற்படைத் தலைவர், அரசியின் பிறந்த நாடு, வெறுக்கப்பட்ட ஆளுநர், புரட்சித் தளபதி, மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி என்று ஆறு பெயர்கள் அந்த மண்ணின் மீது வந்துபோயின. பத்திரத்திலோ எல்லை அப்படியே இருக்கும்: ஓடைக்கரையில் வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனை கோல் வடகிழக்கே போய், ஒரு ஹிக்கரி மரம். ஒரு கோல் பதினாறரை அடி. மரங்களின் வரிசையைப் பிடித்துக்கொண்டால் கவுண்டிப் பெயர் எத்தனை முறை மாறினாலும் நிலத்தைத் தவறவிட மாட்டீர்கள்.

டிரையன் காலத்துப் பத்திரங்களைத் தேடுபவர்கள் அந்தப் பெயரில் அலுவலகம் இல்லையே என்று திகைக்க வேண்டாம். அந்தப் பதிவேடுகள் லிங்கனோடு போயின. எரிந்துபோனவை வேறு வகை. வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டி எழுத்தர் அலுவலகத்துக்கு 1787இல் ஜான் பிரைஸ் போசி என்பவர் தீ வைத்தார். அவரைத் தூக்கிலிட்டார்கள், பதிவேடுகள் சாம்பலாயின. அங்கே தேடுபவர்கள் அரசு நேரடியாக வழங்கிய நில உரிமைப் பத்திரங்களை முதலில் பாருங்கள். அவை கவுண்டியில் அல்லாமல் மாநிலத் தலைநகரில் பதிவானவை. அதன் பின், எல்லைக்கு அப்பால் நிலம் வைத்திருந்த அண்டை வீட்டாரின் பத்திரங்களைப் பக்கத்துக் கவுண்டியில் தேடுங்கள். உங்களுக்கு வேண்டியவரின் பெயர், பக்கத்து நிலத்துக்காரர் என்ற அளவிலாவது அங்கே எழுதப்பட்டிருக்கக்கூடும்.